மதுவமும் மனித உழைப்பும்: கரவெட்டிப் பகுதியின் நொதித்தல் மரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகிழக்குப் பாகமாகிய வடமராட்சியில், நெல்லியடிச் சந்தியைச் சூழ்ந்து பரந்து கிடக்கும் ஊர் கரவெட்டி. வயலும் தோட்டமும் பனங்கூடலும் கலந்த இவ்வூரின் வரலாறு பேசப்படும்போது கோயில்களும் பாடசாலைகளும் அறிஞர்களும் அரசியலாளர்களும் முன்னிற்பது வழக்கம். ஊர் மக்கள் எதனை உண்டனர், அவ்வுணவு யாருடைய அறிவினாலும் உழைப்பினாலும் உருவாயிற்று என்னும் வினாக்கள் வரலாற்று வினாக்களாகக் கருதப்படுதல் அரிது. அடுக்களையும் பனையடியும் வரலாற்றுக்குப் புறம்பானவை என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும்.

கண்ணுக்குப் புலனாகாத ஓர் உயிரினத்தை மனிதர் தமது உணவு உற்பத்தியிற் பயன்படுத்திய முறையினையும், அம்முறையினை அறிந்திருந்தோருக்குச் சமூகம் வழங்கிய இடத்தினையும் ஒருசேர வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வுயிரினம் பங்கசு இனத்தைச் சேர்ந்த மதுவம். ஈஸ்ட் எனப் பொதுவழக்கில் வழங்குவது. கரவெட்டியிலும் அயலூர்களிலும் அது பனங்கள்ளிலும் அப்ப மாவிலும் தலைமுறை தலைமுறையாகத் தொழிற்பட்டு வந்துள்ளது. மதுவத்தை விஞ்ஞானம் இனங்கண்டு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆகின்றன. அதனைக் கையாண்ட தொழிலாளியை நமது சமூகம் இனங்கண்டுகொண்டதா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினாவாகும்.

பங்கசுக்களின் இயல்பு

பூஞ்சணம், பூசணம், காளான் எனப் பலவாறாக நாம் வழங்கும் உயிர்கள் யாவும் பங்கசு என்னும் பெருந்தொகுதியுள் அடங்குவன. நெடுங்காலம் இவை தாவரங்களாகவே கருதப்பட்டன. ஆயின் தாவரங்களைப் போன்று சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை. இவற்றின் கலச்சுவர் தாவரங்களிற் போலச் செலுலோசினால் அன்றி, பெரும்பாலும் பூச்சிகளின் புறவோட்டிற் காணப்படும் கைற்றின் என்னும் பொருளைக் கொண்டு அமைந்துள்ளது. 1969 இல் அமெரிக்க உயிரியலாளரான விற்றேக்கர் உயிரினங்களை ஐந்து இராச்சியங்களாக வகுத்தபோது பங்கசுக்களைத் தனி இராச்சியமாகக் கொண்டார். பிற்காலத்து மூலக்கூற்று ஆய்வுகள், பங்கசுக்கள் தாவரங்களிலும் பார்க்க விலங்குகளுக்கே நெருங்கிய உறவினவென நிறுவியுள்ளன.

விலங்கு உணவை உட்கொண்டு பின்னர்ச் சமிக்கச் செய்கின்றது. பங்கசோ முதலிற் சமிக்கச் செய்து பின்னர் உட்கொள்கின்றது. தன்னைச் சூழ்ந்துள்ள பொருளின்மீது நொதியங்களைச் சுரந்து, சிக்கலான பொருள்களை எளிய பொருள்களாக உடைத்து, அவற்றை உறிஞ்சிக்கொள்வதே அதன் வாழ்முறை. உணவு உற்பத்தியிற் பங்கசு நண்பனாவதும் பகைவனாவதும் இவ்வொரே இயல்பினாலேயே. இவ்வாற்றல் நாம் வேண்டும் திசையிற் செல்லுமாயின் அதனை நொதித்தல் என்கின்றோம். வேண்டாத திசையிற் செல்லுமாயின் பழுதடைதல் என்கின்றோம். 1960 இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் வான்கோழிகள், பூசணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கை உண்டு மடிந்தமையும், அதிலிருந்து அபிளாதொட்சின் என்னும் நஞ்சு கண்டறியப்பட்டமையும் இரண்டாவது திசைக்கு எடுத்துக்காட்டாகும். ஒடியலையும் பனாட்டையும் நன்கு வெயிலில் உலர்த்தி வைக்கும் நமது வழக்கம் இவ்வபாயத்தை உணர்ந்ததன் விளைவே. நீர் வற்றிய இடத்திற் பங்கசு வளர்வதில்லை.

பெரும்பாலான பங்கசுக்கள் நூல் போன்ற இழைகளாய்ப் படர்வன. மதுவமோ தனிக்கலமாய் வாழ்ந்து, அரும்புவிட்டுப் பெருகுவது. வெல்லக் கரைசலில் ஒட்சிசன் குறைந்த நிலையில் அது வெல்லத்தை எதைல் அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றித் தனக்கு வேண்டிய சக்தியைப் பெறுகின்றது. 180 கிராம் குளுக்கோசு முற்றாக மாற்றமடையின் 92 கிராம் அற்ககோலும் 88 கிராம் காபனீரொட்சைட்டும் தோன்றும் என்பது இரசாயனக் கணக்கு. குடிப்பவனுக்கு முதலாவது பொருள் முக்கியம். அப்பம் சுடுபவளுக்கு இரண்டாவது பொருள் முக்கியம். ஒரே உயிரின் ஒரே செயல், மனிதரின் தேவைக்கேற்ப இரு வேறு பண்டங்களைத் தருகின்றது.

பழந்தமிழ்ச் சான்றுகள்

கரவெட்டியிற் பிறந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி, சங்கத் திணைக் கோட்பாட்டை உற்பத்தி முறைகளோடு இணைத்து நோக்க வேண்டுமென 1970களிலேயே எடுத்துக்காட்டினார். அந்நோக்கோடு பழம்பாடல்களை அணுகுவோமாயின் பங்கசு பற்றிய செய்திகளும் அங்குக் கிடைக்கின்றன.

காளானைக் குறிக்கும் பழஞ்சொல் ஆம்பி. புறநானூற்றிற் குமணனைப் பாடிய பெருந்தலைச்சாத்தனார், சமைத்தலை மறந்துபோன தமது வீட்டு அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதைச் சொல்கிறார். சிறுபாணாற்றுப்படையிலும் வறுமையுற்ற அடுக்களையின் அடையாளமாகக் காளான் இடம்பெறுகின்றது. இவ்விரு பாடல்களிலும் ஆம்பி உணவன்று, உணவின்மையின் சின்னம். தீயெரியாத, ஈரம் மிகுந்த, உக்கும் பொருள் கிடக்கின்ற இடத்திலேயே காளான் முளைக்கும் என்னும் நுண்ணிய அவதானிப்பு இதனுள் அடங்கியிருப்பதும் மனங்கொள்ளத்தக்கது.

நொதித்தல் பற்றிய சான்று இன்னும் விரிவானது. பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பைப் பாடும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், அரிசியிலிருந்து மது ஆக்கும் முறையினைப் படிமுறையாகவே தருகின்றார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்தல், அகன்ற வாயுடைய கலத்தில் இட்டு ஆற்றுதல், நல்லடை எனப்படும் பொருளைச் சேர்த்துப் பிசைதல், இரு பகலும் இரு இரவும் கழியவிடுதல், வலிய வாயுடைய சாடியில் முதிரச்செய்தல், பின்னர் வடித்தல் என்பன அப்படிகள். கொதிக்கின்ற களியில் மதுவம் இறந்துவிடும் என்பதை நாம் இன்று அறிவோம். ஆற்றிய பின்னரே நல்லடையைச் சேர்க்க வேண்டும் என்பதை அவ்வலைஞர் குடிகள் அன்றே அறிந்திருந்தன.

நல்லடை என்பது யாது? முளையை இடித்துச் செய்த அடை எனப் பழைய உரை பொருள் கொள்ளும். முளைத்த தானியத்தின் நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக்கும் ஆதலின் இவ்வுரை விஞ்ஞானத்துக்கும் பொருந்துவதே. ஆயினும் புலவர் அவ்வடையின் பூத்த மேற்புறத்தைக் கறையான் புற்றினுள் இருக்கும் குரும்பிக்கு ஒப்பிடுகின்றார். குரும்பி என்பது கறையான்கள் பங்கசு வளர்க்கும் கூடு. வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்காசிய நாடுகளிலும் அரிசி மாவைப் பிசைந்து, பூசணமும் மதுவமும் படரவிட்டு உலர்த்திய நொதிக்கட்டிகள் இன்றும் வழக்கிலுள்ளன. மேற்புறம் பூத்த அடை என்னும் வருணனை அத்தகைய கட்டியினையே நினைவூட்டுகின்றது. இது முடிந்த முடிபன்று. எனினும் இலக்கிய மாணவரும் நுண்ணுயிரியல் மாணவரும் சேர்ந்து ஆராயத்தக்க ஒரு வினா என்பதிற் சந்தேகமில்லை.

பனையடியிலே பயின்ற அறிவு

அரிசியில் உள்ள மாப்பொருளை முதலில் வெல்லமாக்கவேண்டும். பனையின் பாளைநீரோ வெல்லமாகவே வடிகின்றது. அதிற் சுக்குரோசு ஏறத்தாழ 10 முதல் 15 வீதம் வரை உள்ளது. எனவே குடாநாட்டிற் பனை மிகுந்த ஊர்களில் மது ஆக்குதற்குத் தனியே நொதிக்கட்டி எதுவும் வேண்டியிருக்கவில்லை. பாளையிலும் காற்றிலும் பூச்சிகளிலும், அனைத்துக்கும் மேலாக முன்பு பயன்படுத்திய முட்டியின் உட்சுவரிலும் தங்கியிருக்கும் மதுவங்களே போதுமானவை. முட்டியிற் சொட்டத் தொடங்கிய கணமே நொதித்தலும் தொடங்கிவிடுகின்றது. மதுவம் முதலிற் சுக்குரோசைத் தனது கலத்துக்கு வெளியே உடைத்து எளிய வெல்லங்களாக்கிப் பின்னர் உள்ளே எடுத்துக்கொள்கின்றது. அதனுடன் இலற்றிக்கமில பற்றீரியாக்களும், அற்ககோலை ஆக்கவல்ல சைமோமொனாசு என்னும் பற்றீரியாவும் தொழிற்படுகின்றன. நாட்கள் செல்ல வேறு பற்றீரியாக்கள் அற்ககோலை அசற்றிக்கமிலமாக்கக் கள் வினாகிரியாகின்றது.

சீவல் தொழிலாளியின் அறிவு இவ்விடத்திலேதான் வெளிப்படுகின்றது. கள் வேண்டுமாயின் முட்டியை அவ்வாறே கட்டுவான். கருப்பநீர் வேண்டுமாயின் முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசிக் கட்டுவான். சுண்ணாம்பு பாளைநீரைக் காரத்தன்மை உடையதாக்குகின்றது. சற்றே அமிலத் தன்மையான சூழலை விரும்பும் மதுவம் அங்குப் பெருகமாட்டாது. வெல்லம் வெல்லமாகவே எஞ்சிநிற்கும். அதனைக் காய்ச்சினாற் பனங்கட்டி. சுண்ணாம்பு குறையின் கருப்பநீர் புளிக்கும். மிகின் பனங்கட்டியின் நிறமும் சுவையும் கெடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைத் தொழிலாளி கருவி எதுவுமின்றிக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தான். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே முட்டி. சுண்ணாம்பு என்னும் ஒரு பொருளால் மதுவத்தை வேண்டும்போது வாழவிட்டும் வேண்டாதபோது தடுத்தும், போதைப் பானம் ஒன்றையும் நெடுநாள் வைத்திருக்கக்கூடிய உணவொன்றையும் அவன் பெற்றான். நுண்ணுயிர்க் கட்டுப்பாடு என இன்று பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கப்படுவதன் சாரம் இதுவே.

இதனோடு மரத்தைப் பற்றிய அறிவும் சேர வேண்டும். ஆண்பனை, பெண்பனை இரண்டினதும் பாளைகளை வெவ்வேறு வகையிற் பதப்படுத்தல், தட்டுதல், நாள்தோறும் மெல்லியதாகச் சீவுதல், காலையும் மாலையும் தவறாது ஏறி இறங்குதல் என்பன அதன் கூறுகள். ஒரு நாள் தவறினும் பாளை காயும், முட்டியிலுள்ளது பழுதாகும். தளநாரையும் தன் உடலையும் மட்டுமே நம்பி உயர்ந்த மரங்களில் ஏறும் இவ்வுழைப்பில் உயிராபத்து என்றும் உடனிருந்தது.

அடுக்களையிற் பெண்களின் அறிவும் இதற்கு இணையானது. பச்சையரிசி மாவுக்குச் சிறிதளவு கள்ளைச் சேர்த்து இரவு முழுவதும் புளிக்கவிட்டுக் காலையில் தேங்காய்ப்பால் கலந்து சுடுவதே யாழ்ப்பாணத்துப் பாலப்பம். கள்ளில் உள்ள மதுவம் மாவினுட் பெருகிக் காபனீரொட்சைட்டை வெளிவிட, அப்பத்தின் நடுப்பகுதி துளைகளோடு பொங்கி மென்மையாகின்றது. தோசை மாவும் புளிக்கின்றது. ஆயின் அங்கு உழுந்தோடு வரும் பற்றீரியாக்களின் பங்கே பெரிது. கடையில் வாங்கும் மதுவம் பரவுமுன் இலங்கையிற் பாண் சுடுவோரும் மாவைப் புளிக்கவைக்கக் கள்ளையே பயன்படுத்தினர். பாண் என்னும் சொல் போர்த்துக்கேயர் தந்தது. அதனைப் பொங்கச்செய்த மதுவமோ நம் மரங்களில் ஏறியிறங்கியோர் தந்தது.

தீட்டும் திறனும்

இத்துணை நுண்மையான அறிவினை உடையோர் சமூகத்தில் எந்நிலையில் வைக்கப்பட்டனர் என்பது நாம் அறிந்ததே. 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியிற் தொகுக்கப்பட்ட தேசவழமை, யாழ்ப்பாணத்து அடிமைமுறையையும் சட்டத்துள் அடக்கியது. அதில் அடிமைகளாகக் கணிக்கப்பட்ட பிரிவினருள் பனையேறும் சமூகத்தவரும் அடங்குவர். 1844 இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எனினும் நிலமும் மரமும் உயர்சாதியினர் கையிலேயே இருந்தமையால், சீவல் தொழிலாளி மரத்துக்காகவும் குடியிருக்கும் காணிக்காகவும் அவர்களையே தங்கியிருக்க வேண்டியவனானான். உற்பத்திச் சாதனம் ஒருவரிடமும் உற்பத்தி அறிவு மற்றொருவரிடமும் இருந்த நிலை இது.

இவ்வமைப்பின் முரண்பாடு கள்முட்டியிலேயே தெளிவாகத் தெரிகின்றது. தொழிலாளியின் கையாற் சீவி, அவன் முட்டியில் ஊறி, அவன் பிளாவில் வார்த்த கள்ளை உயர்சாதியினர் அருந்தினர். அக்கள்ளிற் புளித்த அப்பம் அவர்கள் வீட்டிலும் சுடப்பட்டது. அதே கையால் அவன் பொதுக்கிணற்றில் நீர் அள்ள இயலவில்லை. தேநீர்க்கடையில் மற்றவரோடு சமமாய் அமர்ந்து அருந்த இயலவில்லை. தீட்டு என்பது பொருளின் இயல்பைப் பற்றியதன்று. உழைப்பாளியை அவனுடைய இடத்தில் நிறுத்திவைப்பதற்கான சமூக ஏற்பாடு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இப்பாகுபாட்டைக் குற்றமாக்கியது. சட்டம் தாளில் இருந்ததேயன்றித் தானாக வழக்கத்தை மாற்றவில்லை. 1966 ஒக்டோபரிற் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் நடத்திய தேநீர்க்கடைப் பிரவேசம், ஆலயப் பிரவேசம் ஆகிய போராட்டங்களுமே அதற்கு உயிரூட்டின. அப்போராட்ட வரலாற்றில் நெல்லியடியும் கரவெட்டியின் கன்பொல்லையும் நிலையான இடம்பெற்றுள்ளன.

குடியேற்ற விஞ்ஞானம் கண்டதும் காணாததும்

ஐரோப்பாவில் மதுவம் பற்றிய ஆய்வு பெரும்பாலும் தொழில் தேவைகளோடு வளர்ந்தது. 1680 அளவில் லீவன்கூக் தமது நுணுக்குக்காட்டியில் மதுவக் கலங்களைக் கண்டார்; அவை உயிருள்ளவையென அவர் உணரவில்லை. 1830களின் பிற்பகுதியிலேதான் கன்யார்டு த லாதூரும் சுவானும் மதுவம் ஓர் உயிரி என நிறுவினர். 1857 முதல் லூயி பாச்சர் நிகழ்த்திய ஆய்வுகள் நொதித்தல் உயிர்ச்செயலே என்பதை உறுதிப்படுத்தின. 1883 இல் கோப்பன்கேகன் நகரின் கார்ல்சுபேர்க் ஆய்வுகூடத்தில் எமில் கன்சன் தனியொரு கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்தெடுத்தார். 1897 இல் எதுவார்து பூக்னர், கலமின்றி அதன் சாறே நொதித்தலை நிகழ்த்தும் எனக் காட்டினார். நொதியவியல் என்னும் துறை இதிலிருந்து கிளைத்தது.

இலங்கையிலும் பங்கசு ஆய்வு இதே காலத்தில் வளர்ந்தது. ஆயின் அதன் கண் வேறொரு திசையிற் பதிந்திருந்தது. 1869 இல் கோப்பி இலைகளில் தோன்றிய துருநோய்க்குக் காரணமான பங்கசு அவ்வாண்டே எமிலியா வசுத்தாத்திரிச்சு எனப் பெயரிடப்பட்டது. 1880 இல் இங்கு வந்த மார்சல் வார்டு அதன் வாழ்க்கை வட்டத்தை விரிவாக ஆராய்ந்தார். கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. தேயிலை அவற்றின் இடத்தைப் பெற்றது. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் வாழ்வும் அதனோடு மாற்றமுற்றது. 1905 இல் பேராதனையிற் பங்கசியலாளராகப் பொறுப்பேற்ற தொம் பெச், தேயிலை, இறப்பர் முதலியவற்றின் நோய்களை ஆராய்ந்ததோடு இலங்கையின் பங்கசுக்களையும் பெருந்தொகையாகப் பட்டியலிட்டார். 1906 இல் கறையான் புற்றுகளின் பங்கசுக்களைப் பற்றியும் சிறந்த ஆய்வொன்றை வெளியிட்டார்.

இவ்வறிஞரின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் அரசு எதற்குப் பணம் செலவிட்டது என்பது வரலாற்றாசிரியன் கேட்கவேண்டிய வினா. பெருந்தோட்டப் பயிருக்கு நட்டம் விளைத்த பங்கசு ஆய்வுகூடத்துக்குரியதாயிற்று. ஏழை மக்களின் உணவை ஆக்கிய மதுவமோ மதுவரித் திணைக்களத்துக்குரியதாயிற்று. 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தின் கண்களிற் கள் என்பது வரிக்குரிய ஒரு பொருள்; அதனை ஆக்கியவன் உரிமப்பத்திரம் பெறவேண்டிய ஒருவன். அவனிடம் அறிவு உண்டு என்ற எண்ணத்துக்கு அங்கு இடமில்லை. மதுவிலக்கை வலியுறுத்திய நம்மவருட் பலரும், குடியினால் அழியும் குடும்பங்களைப் பற்றி நியாயமாகக் கவலைப்பட்டனர். மரத்திலிருந்து இறக்கப்படும் தொழிலாளியின் வாழ்வு பற்றி அதே அளவு சிந்தித்தனர் எனக் கூற இயலாது.

யப்பானின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அரிசியிலும் சோயாவிலும் வளர்க்கப்படும் கோசி என்னும் பூசணத்தைக் கொண்டு அந்நாட்டவர் சாக்கே மதுவும் சோயாக் குழம்பும் ஆக்குகின்றனர். 1894 இல் யோக்கிச்சி தக்காமினே அப்பூசணத்தின் நொதியத்தைப் பிரித்தெடுக்கும் முறைக்கு அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். 2006 இல் யப்பானிய வடித்தற் கழகம் அதனைத் தேசியப் பங்கசாக அறிவித்தது. வடிப்போரின் மரபறிவு அங்குப் பெருமைக்குரிய கைவினையாகப் போற்றப்பட்டு, பின்னர்க் கைத்தொழிலின் அடித்தளமாயிற்று. நம்மிடையே அதனையொத்த அறிவு இழிவின் அடையாளமாக்கப்பட்டது. அறிவைத் தீண்டத்தகாததாக்கிய சமூகம் அதனிலிருந்து கைத்தொழிலை வளர்த்தெடுக்க இயலாது போனதில் வியப்பில்லை.

கூட்டுறவும் ஆய்வும்

1970களின் முற்பகுதியில், மரவரி முறைக்குப் பதிலாகத் தவறணைகளையும் சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களையும் அடிப்படையாகக் கொண்ட முறை யாழ்ப்பாணத்தில் ஏற்பட்டது. தொழிலாளி தன் கள்ளைச் சங்கத்துக்கு அளந்து, நிச்சயமான விலையைப் பெறும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று. தனியொருவரின் தயவில் வாழ்ந்தவன் ஒரு நிறுவனத்தின் அங்கத்தவனாயினான். 1978 இற் பனை அபிவிருத்திச் சபை தோற்றம் பெற்றது. வடமராட்சியின் திக்கத்திற் கூட்டுறவாளர்கள் அமைத்த வடிசாலை, மிஞ்சும் கள்ளைச் சாராயமாக்கும் வழியைத் திறந்தது.

விஞ்ஞானமும் இக்காலத்திலேதான் பனையடிக்கு வந்தது. 1974 இல் நிறுவப்பட்ட யாழ்ப்பாண வளாகம் 1979 இற் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் தாவரவியற் துறையினர் 1980களிற் பனங்கள்ளின் நுண்ணுயிர்களையும் அவை நிகழ்த்தும் மாற்றங்களையும் ஆராய்ந்து வெளியிட்டனர். 1986 இல் வெளியான தென்னங்கள் பற்றிய இலங்கை ஆய்வொன்று அதிற் பதினேழு இன மதுவங்களை இனங்கண்டது. ஒரு முட்டிக் கள் என்பது ஓர் உயிரினச் சமுதாயம் என்பது இவ்வாய்வுகளாற் புலனாயிற்று.

பின்வந்த போர் இவ்வளர்ச்சியைத் தடைப்படுத்தியது. 1987 இன் வடமராட்சிப் போர்நடவடிக்கை தொடக்கம் பல ஆண்டுகள் பெருந்தொகையான பனைகள் அழிந்தன, மக்கள் இடம்பெயர்ந்தனர். போர் ஓய்ந்த பின்னர்ச் சீவல் தொழிலாளரின் பிள்ளைகள் வேறு தொழில்களை நாடுகின்றனர். உயிராபத்தும் இழிவும் நிறைந்த தொழிலைத் தந்தை மகனுக்கு விட்டுச்செல்ல விரும்பாமை முற்றிலும் நியாயமானதே. ஆயின் அவனோடு மறைவது ஒரு தொழில் மட்டுமன்று; எழுதப்படாத ஓர் அறிவுத்தொகுதியும், தலைமுறைகளாக முட்டிகளிற் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த மதுவ வகைகளுமாகும்.

காளான் தரும் படிப்பினை

பங்கசு சார்ந்த உணவு உற்பத்தி குடாநாட்டில் இன்று புதியதொரு வடிவிலும் தோன்றியுள்ளது. அதுவே காளான் வளர்ப்பு. மாரியின் முதல் மழைக்குப் பின் புற்றடியில் முளைக்கும் காளானைப் பிடுங்கிச் சமைத்தல் பழைய வழக்கம். தரங்கம்பாடியில் வாழ்ந்த யோகான் கேனிக் என்னும் மருத்துவர், தஞ்சைப் பகுதியிற் கண்டவற்றைக் கொண்டு 1779 இலேயே கறையான் கூட்டினுள் வளரும் பங்கசை விவரித்தார். கறையானின் துணையின்றி அக்காளானை வளர்த்தல் எளிதன்று. அதனால் வைக்கோலில் வளரும் இனங்களே பயிராகின. 1943 இற் கோயம்புத்தூரில் வைக்கோற் காளானும், 1960களின் முற்பகுதியில் மைசூரிற் சிப்பிக்காளானும் வெற்றியுடன் வளர்க்கப்பட்டன.

வைக்கோலின் செலுலோசையும் இலிக்னினையும் மனிதன் உண்ண இயலாது. சிப்பிக்காளானின் இழைகள் அவற்றை உடைத்துப் புரதம் உள்ள உணவாக்குகின்றன. அவித்துக் கிருமி நீக்கிய வைக்கோலை உறையில் அடைத்து, வித்திட்டு, இருளும் ஈரமும் உள்ள கொட்டிலில் தொங்கவிட்டாற் சில வாரங்களில் அறுவடை செய்யலாம். பெருநிலமோ உயர்ந்த மரமோ இதற்கு வேண்டியதில்லை. வடபகுதியில் இன்று இதனை மேற்கொள்வோருட் பெண்கள் பலர். பெருந்தலைச்சாத்தனாரின் அடுப்பில் வறுமையின் சின்னமாய்ப் பூத்த ஆம்பி, வறுமையை எதிர்க்கும் கருவியாக மாறியுள்ளது.

இம்மாற்றத்திலும் ஓர் எச்சரிக்கை அடங்கியுள்ளது. காளான் வித்து ஆய்வுகூடத்தில் ஆக்கப்படுவது. அதனை விலைகொடுத்தே பெறவேண்டும். கள்ளின் மதுவமோ தொழிலாளியின் முட்டியிலேயே இருந்தது. வித்து ஆக்கும் அறிவும் வசதியும் சிலரிடம் மாத்திரம் தங்குமாயின், நிலமும் மரமும் ஒருவரிடம் தங்கியிருந்த பழைய கதை வேறு வடிவில் மீளும். கூட்டுறவுச் சங்கங்களே வித்து ஆக்கும் சிறு நிலையங்களை நடத்துதல் இதற்கு ஏற்ற வழியாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். கரவெட்டிப் பகுதியின் நொதித்தல் மரபு அறியாமையில் நிகழ்ந்த ஒன்றன்று. பெயரிடப்படாத அறிவில் நிகழ்ந்தது. மதுவம் என்ற சொல்லை அறியாதவர்கள் மதுவத்தை ஆளும் முறையை அறிந்திருந்தனர். அவ்வறிவைத் தடுத்து வைத்தது இயற்கையன்று. சாதியும் நிலவுடைமையும் அவற்றைத் தழுவிநின்ற ஆட்சிமுறையுமேயாம்.

எனவே இன்று செய்யத்தக்கன மூன்று. முதலாவது, எஞ்சியுள்ள சீவல் தொழிலாளரிடமிருந்து அவர்களின் தொழிலறிவைப் பதிவுசெய்தல். அவர்களைத் தகவல் தருவோராகக் கருதாது ஆய்வின் பங்காளராகக் கொள்ளல். இரண்டாவது, நமது பனங்கள்ளின் மதுவ வகைகளைச் சேகரித்துப் பல்கலைக்கழகங்களிற் பேணுதல். அவற்றாற் பயன் விளையுமாயின், 2010ஆம் ஆண்டின் நகோயா உடன்படிக்கை வலியுறுத்தும் பயன்பகிர்வு நெறிப்படி அப்பயனிற் தொழிலாளர் சங்கங்களுக்குப் பங்களித்தல். மூன்றாவது, பாதுகாப்பான ஏறுகருவிகளையும் காப்புறுதியையும் நியாயமான விலையையும் உறுதிசெய்து, விரும்புவோர் இத்தொழிலைத் தலைநிமிர்ந்து செய்யும் நிலையை உருவாக்கல்.

இம்மூன்றில் இறுதியானது நிறைவேறாதவிடத்து முதலிரண்டும் அருங்காட்சியகப் பணிகளாகவே முடியும். ஆய்வுகூடத்துக் குளிர்ப்பெட்டியில் மதுவத்தைப் பேணிவைத்தல் எளிது. அதனை வளர்த்தெடுத்த கைகளுக்கு உரிய மதிப்பை அளிப்பதே கடினமானதும் முதன்மையானதுமான கடமையாகும்.